ஆசையா, அழைப்பா?

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரிப் படிப்பு முடிந்ததும் இராணுவ அதிகாரியாகி, பாராசூட் சிறப்புப் படையில் சேர வேண்டுமென்பது உன் கனவு. அம்மாவோ அதைக் கேட்ட நாள் முதல் அழுதுகொண்டிருக்கின்றார்கள். "இது எனக்கு ஏற்ற வாழ்வுதானா, சாமி?" என்று வினவுகின்றாய். இவ்வெண்ணமுள்ள பிற இளைஞருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே விடை எழுதுகின்றேன்.

படைப்பணி கிறிஸ்தவனுக்குத் தகாததன்று. வழி கேட்டு வந்த போர்வீரரிடம், பணியை விட்டுவிடும்படி ஸ்நாபக அருளப்பர் கூறவில்லை. எளியோரை மிரட்டிப் பறிக்கக் கூடாதென்றும், ஊதியத்தோடு நிறைவடைய வேண்டுமென்றுமே அறிவுறுத்தினார். நாட்டின் பாதுகாப்புக்காகப் படையில் நேர்மையாகப் பணிபுரிவோர் அமைதிக்கே தொண்டாற்றுகின்றனர் என 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்தது. ஆனால், கொடிய கட்டளைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தவன் அதனால் குற்றமற்றவன் ஆகான் என்றும் அச்சங்கம் எச்சரித்தது. இருளிலும் தொலைவிலும் சிறு குழுவாய்ச் செயற்படுவோன் இதனை மறக்கலாகாது. அங்கே அவனைக் காணும் கண்கள் குறைவு, மனச்சான்றே காவல்.

இனி நடைமுறையைக் கேள். நீ முதலில் தேர்வில் வென்று, சென்னைப் பரங்கிமலையிலோ டேராடூனிலோ பயிற்சி முடித்து அதிகாரியாக வேண்டும். பின்னர் நீயாகவே முன்வந்து, சிறப்புப் படையின் சோதனைக் காலத்தில் தேற வேண்டும். உறக்கமின்மை, பசி, முதுகில் பெருஞ்சுமையுடன் நெடுந்தூர நடை யாவும் அங்கே உண்டு. முன்வருவோரில் மிகப் பலர் திரும்பிவிடுகின்றனர். ஆகவே உன்னையே கேட்டுக்கொள்: "திருப்பி அனுப்பப்பட்டால், வேறொரு படைப்பிரிவில் மனநிறைவோடு பணிபுரிவேனா?" இல்லையென்பது விடையானால், நீ நாடுவது தொண்டையன்று, அவர்கள் அணியும் மெரூன் நிறத் தொப்பியைத்தான்.

அப்படையினர் மார்பில் அணியும் சின்னத்தில் "பலிதான்" என்ற சொல் பொறிக்கப்பட்டுள்ளது. தன்னையே பலியாக்குதல் என்பது அதன் பொருள். நாள்தோறும் திருப்பலி காணும் நமக்கு அச்சொல் அந்நியமன்று. உயிரைக் கொடுப்பது மட்டுமே பலியாகாது. எங்கே சென்றேன், என்ன செய்தேன் என்று தாயிடமும் மனைவியிடமும் சொல்லவியலாத மௌனமும் பலியே. அதில் பாதியை அவர்களே சுமக்கின்றனர். அம்மாவின் கண்ணீரைக் கோழைத்தனமென்று எண்ணிவிடாதே.

புனித இஞ்ஞாசியாரும் ஒரு போர்வீரரே. 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. படுக்கையில் கிடந்து வீரப் புகழைக் கனவு கண்டபோது இன்பம் பிறந்தது. கனவு கலைந்ததும் வெறுமையே எஞ்சியது. புனிதரைப்போல் வாழ எண்ணியபோதோ, எண்ணம் அகன்ற பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டைக் கொண்டே தம் வழியை அவர் கண்டறிந்தார்.

நீயும் அவ்வாறே செய். திரைப்படம் பார்த்த இரவில் முடிவெடுக்காதே. ஒரு மாத காலம், இரவுச் செபத்திற்குப் பின், சேற்றையும் பசியையும் தோல்வியையும் யாரும் அறியாத உழைப்பையும் எண்ணிப் பார். அப்போதும் உள்ளத்தில் அமைதி நிலைத்திருந்தால், அது அழைப்பாகலாம், துணிந்து செல். இல்லையேல், நாட்டுக்குத் தொண்டாற்ற வேறு வழிகள் பல உண்டு, வெட்கப்பட ஏதுமில்லை.

அதுவரை அம்மாவோடு வாதிடாதே. மாலையில் அருகே அமர்ந்து, அவர்களோடு செபமாலை சொல்.