அடுக்களையும் ஒரு கல்விக்கூடமே!

பதின்மூன்று முதல் பத்தொன்பது அகவைவரை என்பும் தசையும் குருதியும் விரைந்து வளரும் பருவம். அப்பருவத்தில்தான் நம் இளையோர் பொட்டலத் தீனியையும் குப்பிக் குளிர்நீரையும் நாடி ஓடுகின்றனர். அக்குளிர்நீர் வகைகள் பலவற்றில், முந்நூறு மில்லி அளவுள்ள ஒரு குப்பிக்கு ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை கரைந்துள்ளது. மறுபுறம், 2019-21ஆம் ஆண்டு நாட்டுக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவைவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையோர். வயிறு நிறைகின்றது, உடல் நிறையவில்லை!

"அதனை உண்ணாதே" என்று கடிவதால் நாவின் சுவை மாறாது. கை பழகினால்தான் மாறும். தானே ஆக்கியதை எந்தப் பிள்ளையும் விரும்பி உண்ணும்.

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. பாலில் ஏறத்தாழ 120தான். இதனைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் தேர்வோடு மறந்துபோகும். அக்கேழ்வரகை முளைகட்டி மாவாக்கி, முருங்கைக்கீரை சேர்த்து அடையாக வார்க்கச் செய்யுங்கள். முளைகட்டினால் சத்துகளைப் பிணித்துவைக்கும் கூறு குறையும்; நெல்லிக்காய்த் துவையலைத் தொட்டுண்டால் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்; உண்டவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும். இவை அனைத்தும் அடுப்படியிலேயே விளங்கும் அறிவியல் அல்லவா? அடுத்த கிழமை அதே மாவில் புதியதொரு பண்டம் சமைக்கச் சொல்லுங்கள். அதற்கு நல்ல தமிழ்ப்பெயரும் சூட்டச் சொல்லுங்கள். கையும் அறிவும் மொழியும் ஒருங்கே வளரும்.

"ஆண்பிள்ளைக்கு அடுப்படி எதற்கு?" என்பார் உளர். நல்லியக்கோடன் படைத்த விருந்து, வீமன் இயற்றிய மடைநூல் நெறி வழுவாமல் சமைத்தது என்கின்றது சிறுபாணாற்றுப்படை. மடைநூலுக்கு ஆசானாகப் புலவன் போற்றியது ஓர் ஆண்மகனையே! சப்பான் நாட்டினரும் மனையியலை 1993இல் நடுநிலைப் பள்ளியிலும், 1994இல் மேனிலைப் பள்ளியிலும் இருபாலார்க்கும் கட்டாயமாக்கினர்; 2005இல் உணவுக் கல்விக்கெனத் தனிச் சட்டமே இயற்றினர்.

1956இல் காமராசர் காலத்து நண்பகல் உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு எனப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்ட நாடு இது. சோறிடும் அறம் செய்தோர் சமைக்கக் கற்பிக்கும் அறத்தையும் செய்தல் வேண்டும். எட்டாம் வகுப்பு முதற்கொண்டு கிழமைக்கு இரு பாடவேளைகள் அடிசிற்கலைக்கு ஒதுக்குக! சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மையாரையே அதற்கு ஆசிரியராக்கி, உரிய ஊதியமும் தருக! இதற்குத் தேர்வும் வேண்டா, மதிப்பெண்ணும் வேண்டா.

பெற்றோரே! அரசு எழும்வரை காத்திராதீர். கிழமையில் ஒரு மாலையேனும் அடுக்களையை மகனுக்கும் மகளுக்கும் விட்டுக்கொடுங்கள். முதல் நாள் அடை கருகலாம். அதனையும் முகங்கோணாது உண்ணுங்கள். உடல்நலமுள்ள ஓர் இளந்தலைமுறைக்கு அது மிகச் சிறிய விலையே!