சிறு விமானத்தின் மூடிகள்

தமிழ் கற்பிக்கும் எமக்கு ஆகாய விமானத்தோடு யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவக்கூடும். எம்மிடம் ஒரு காலத்திற் புணர்ச்சி விதிகளைக் கற்று, அவற்றை இன்று முற்றாக மறந்துவிட்ட பழைய மாணவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்கின்றார். அவரும் நண்பர் மூவரும் கூட்டாகச் செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றை வைத்திருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவர் எம்மைக் காண வந்தார். பறப்பதன் இன்பத்தைப் பற்றிப் பேசுவார் என எதிர்பார்த்தோம். அவரோ பொழுது சாயும்வரை திருகாணிகளைப் பற்றியே பேசினார். அப்பேச்சினால் எம்முள் எழுந்த கருத்தினை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956ஆம் ஆண்டில். இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. வேறெந்த விமானமும் இத்துணைப் பெருந்தொகையிற் செய்யப்பட்டதில்லை. இன்று பறப்பவற்றுட் பல அரை நூற்றாண்டு கடந்தவை. எம் மாணவருடையதும் 1970களிற் செய்யப்பட்டதே. இத்தகைய விமானத்தை ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்ற பொறிவினைஞர் முழுமையாகச் சோதித்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இடையில் எழும் சிறு பராமரிப்பு வேலைகளையோ, எண்ணெய் மாற்றுதல், பிளக்குகளைத் துப்புரவாக்குதல், ரயர் மாற்றுதல், சக்கரங்களுக்குக் கிறீசு இடுதல் முதலியவற்றை, விமானியுரிமம் பெற்ற சொந்தக்காரர் தம் கையாலேயே செய்து, பதிவேட்டிற் குறித்துக் கையொப்பமிடலாம். இது நல்ல சட்டம் என்பதே எமது துணிபு. தன்னைச் சுமந்து செல்லும் பொறியைத் தன் கையாலே தொட்டுப் பழகியவனுக்கு, அதன் ஓசையில் ஒரு சிறு மாற்றம் தோன்றினும் காது உடனே எழுந்து நிற்கும்.

ஆனால், சட்டம் திறந்துவைத்த கதவை விமானத்தைச் செய்தோர் திருகாணியிட்டு மூடிவிட்டனர். எமது குறை இதுவே.

அவ்விமானத்தின் எஞ்சினைப் போர்த்திய தகட்டின்மேல் உள்ளங்கையைச் சற்றே கடந்த அளவிலே ஒரு சிறு கதவுண்டு. பறக்குமுன் அதனைத் திறந்து, அளவுக்கோலை இழுத்து, எண்ணெய் மட்டம் பார்ப்பர். அதற்குமேல் அவ்வழியாகக் காணத்தக்கது சிறிதே. ஒரு குழாய் உராய்ந்து தேய்ந்திருக்கலாம். புகைபோக்கியில் வெடிப்புக் கண்டிருக்கலாம். குருவியொன்று கூடு கட்டத் தொடங்கியிருக்கலாம். மேல் மூடியைக் கழற்றினாலன்றி இவற்றைச் செவ்வையாகக் காணல் அரிது. பறக்கப் புறப்பட்டவர் எவர் அதனை ஒவ்வொரு முறையும் கழற்றுவார்? இதே வகையினதாகிய பைப்பர் செரோக்கியில், பக்கத்துத் தாழ்களை விடுவித்த மாத்திரத்தே மேல் மூடி திறந்துகொள்ளும். விமானி எளிதில் உள்ளே நோக்குகின்றார். இருவரும் ஒரே அளவு கருத்துடையவரே; ஒருவருக்குக் கதவு வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை.

சக்கரத்தின் கதையும் அத்தகையதே. காற்றைக் கிழித்துச் செல்வதற்காகச் சக்கரங்களுக்கு அழகிய உறை போட்டிருக்கின்றார்கள். எம் மாணவரின் விமானத்திலே ரயரின் வால்வு அவ்வுறைக்குட் பதுங்கிவிடும். காற்றழுத்தம் பார்க்க வேண்டுமாயின் ஒருவர் விமானத்தை அங்குலம் அங்குலமாகத் தள்ள, மற்றொருவர் தரையிற் படுத்துக் கிடந்து வால்வு தென்படும் கணத்திலே "நிறுத்து" எனக் கூவவேண்டும். தனியே சென்ற நாள்களில் ரயரைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் பறந்ததுண்டு என்று அவர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். உறையிலே விரல் நுழையுமளவு மூடியோடு கூடிய ஒரு துளை இருந்திருப்பின், அவ்வுண்மையை அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்திராது.

எண்ணெய் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது. வடிகட்டி பூட்டிய லைக்கொமிங் எஞ்சினுக்கு 50 மணித்தியாலப் பறப்பு அல்லது நான்கு மாதம், இவற்றுள் முந்தியது எதுவோ அப்போது எண்ணெய் மாற்றுக என்பது செய்தோர் தரும் விதி. அடியிலுள்ள அடைப்பாணியைக் கழற்றினாற் சுடுகின்ற எண்ணெய் முழங்கைவரை வழியும். அதனைப் பிணைத்த காவற்கம்பியை வெட்டி, முடிவிற் புதிய கம்பி முறுக்கவும் வேண்டும். அதற்குப் பதிலாக, விரலால் அமுக்கித் திறக்கத்தக்க வால்வு ஒன்றை அங்கே பூட்டி, ஒரு குழாயைச் செருகிவிட்டால், எண்ணெய் தானாகவே பாத்திரத்தில் இறங்கும். சக்கரம் மடங்கும் விமானமாயின், மடங்கும் சக்கரம் அவ்வால்வைத் தட்டாதென முதலில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். வடிகட்டியோ எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடத்திற் படுத்த நிலையில் இருப்பது. கழற்றியவுடன் உள்ளே தங்கிய எண்ணெய் கம்பிகளின்மேலும் குழாய்களின்மேலும் கொட்டும். பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை நீளவாக்கிற் பிளந்து ஓடுபோல் அடியிற் பிடித்தால் அத்தொல்லை நீங்கும். ஒரு சதமும் செலவில்லை. கழற்றிய வடிகட்டியை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து, உலோகத் துகள் மின்னுகின்றதா எனப் பார்த்தலே இவ்வேலையின் உயிர்நிலை. எஞ்சின் உள்ளே தேயத் தொடங்கின் முதலில் அறிவிப்பது அத்தாளாகவே இருக்கக்கூடும். ஆயினும் இரண்டு மணித்தியாலம் எண்ணெயோடு மல்லாடிக் களைத்தவன், தாளைப் பிறகு பார்ப்போம் என்று குப்பையில் எறிந்துவிடுவான். வேலையை எளிதாக்குக என்று நாம் கூறுவது சோம்பலுக்கு இடங்கொடுக்க அன்று. அத்தாளைப் பார்ப்பதற்கு அவன் கண்ணிலே சிறிது வலிமை எஞ்சவேண்டும் என்பதற்காகவே.

பிளக்குகள் எட்டு, ஒரு சிலிண்டருக்கு இரண்டு. ஈயம் கலந்த பெற்றோலினால் அடிப்பக்கத்தவற்றிற் கசடு சேரும். எட்டுத் துளையிட்டு இலக்கமெழுதிய ஒரு பலகை இருந்தால், எது எங்கிருந்து வந்ததென்ற மயக்கமில்லை. எமது கல்லூரித் தச்சு வகுப்பு மாணவன் ஒரு பாடவேளையில் அதைச் செய்து தருவான்.

விமானம் செய்வோர் பக்கத்திலும் நியாயமில்லாமலில்லை. ஒவ்வொரு பிணைச்சலும் தாழும் எடை கூட்டும். ஒவ்வொரு துளையும் தகட்டின் வலிமையைக் குறைக்கும். சான்றிதழ் பெற்ற விமானத்திலே சொந்தக்காரர் தாம் நினைத்தவாறு துளையிடவும் இயலாது. உரிய அங்கீகாரம் வேண்டும். தம் கையாலேயே விமானம் கட்டுவோருக்கு இத்தடை குறைவு. வான்குரூன்சன் என்பவர் வகுத்த ஆர்வீ வகை விமானங்கள் 11,000க்கு மேல் இவ்வாறு கட்டப்பட்டுப் பறந்துள்ளன. மூடியைக் காற்சுற்றில் விடுபடும் ஆணிகளாற் பூட்டுவது அவர்களிடையே பெருவழக்கு. கட்டியவரே உரிய சான்றிதழ் பெற்று ஆண்டுச் சோதனையையும் நடத்தலாம். நாளைக்குத் தாமே திறக்க வேண்டிய மூடியை எவரும் பதினெட்டுத் திருகாணியால் மூடமாட்டார்.

எளிமை கவனத்தைக் கெடுக்கும் என்பார்க்கு 1983ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி நிகழ்ந்தது ஒரு சான்று. அது சிறு விமானமன்று. மயாமியிலிருந்து நாசோவுக்குப் புறப்பட்ட, மூன்று எஞ்சின் கொண்ட ஈஸ்ரேண் நிறுவனத்தின் பெருவிமானம். எண்ணெயில் உலோகத் துகளைப் பிடிக்கும் சிறு காந்தக் கருவிகளை முந்திய இரவில் மாற்றியோர், இறப்பர் வளையங்களின்றிப் பூட்டிவிட்டனர். வழக்கமாக அவை வளையம் பூட்டப்பெற்றே ஆயத்தமாகக் கிடைப்பன; அன்று கிடைத்தவை அவ்வாறல்ல. எண்ணெய் ஒழுகி எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலில் நிறுத்திய எஞ்சினை ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் மீண்டும் இயக்கி மயாமியில் இறங்கினர், எவரும் இறந்திலர். இச்சான்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கே எளிதாக்கப்பட்டது பார்வையன்று. பார்வைக்கு வேலையே இல்லாமற் செய்யப்பட்டது. நாம் வேண்டும் கதவு, உள்ளே நோக்குவதற்கான கதவு.

புதிய ஒளித்திரைக் கருவிகளுக்குப் பல்லாயிரம் டொலர் செலவிடும் சொந்தக்காரர்கள், அவ்வால்வுக்கு மட்டும் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்கின்றனர் என அம்மாணவர் நகைத்தார். தம் கூட்டாளிகளும் அவ்வாறே என்றார். சென்ற மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வால்வு பூட்டியாயிற்றாம். சக்கர உறையின் துளைக்குப் பொறிவினைஞரின் சொல்லை எதிர்பார்த்திருக்கின்றாராம்; அதுவரை உறைகளைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டார். வேகம் சிறிது குறைகின்றதென்று நண்பர் மூவருக்கும் அவர்மீது மனத்தாங்கலாம்.