சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் வீட்டுக்காரருக்குப் பழைய கார் என்றால் உயிர். இரண்டே கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். அவர் வெளியூர் போயிருந்த சமயம், குழந்தைக்குத் தடுப்பூசி போட அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் கூலன்ட் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். பக்கத்துக் கடைக்காரர், 'மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்கம்மா, சரியாப் போயிடும்' என்றார். எனக்குப் பயம், திறக்கவில்லை. நான் செய்தது சரிதானா?"

நூற்றுக்கு நூறு சரி, சகோதரி! கடைக்காரர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த மூடியை அப்போது திறந்திருந்தால் உங்கள் முகமும் கையும் வெந்து போயிருக்கும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நம் அடுப்படி குக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். அழுத்தத்தைப் பிடித்து வைத்து, உள்ளே இருக்கும் நீரைச் சீக்கிரம் கொதிக்க விடாமல் காக்கிறது. பழைய வண்டிகளில் அந்த அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவே. ஆவி அடங்காத குக்கரை நாம் திறப்போமா? அதே விதிதான் இங்கேயும். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. அதற்குப் பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்லத் திருப்ப வேண்டும்.

சரி, விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்வது? பக்கத்திலேயே இருக்கும் வெப்ப முள்ளைப் பாருங்கள். முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தானே, வீட்டுக்குப் போயிடலாம்" என்ற நினைப்பே வேண்டாம். அந்தக் கொஞ்ச தூரத்தில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து, பெரிய செலவில் கொண்டு விடும். முள் சாதாரணமாக இருந்தாலும் அதையே நம்பி ஓட்டக் கூடாது. நீர் ரொம்ப இறங்கிவிட்டால், சூட்டை அளக்கிற கருவி நீரில் படாமல் காற்றில் நிற்கும். முள்ளும் பொய் சொல்லும். அதனால் எப்படியும் நிறுத்திப் பார்ப்பதே புத்திசாலித்தனம். குழந்தைகளை இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வையுங்கள். மூடிய காருக்குள் விட்டுவிட்டு நகராதீர்கள்.

ஆறியதும் பானெட்டைத் திறந்து கூலன்ட் பாட்டிலைப் பாருங்கள். அதில் 'மின்', 'மேக்ஸ்' என்று இரண்டு கோடு இருக்கும். நீர் அவற்றுக்கு நடுவே சரியாக இருக்கிறதா? அப்படியானால் குற்றம் விளக்கில். சில வண்டிகளில் பாட்டிலுக்குள் ஒரு மிதவை, சிலவற்றில் நீரில் நனைந்தபடி நிற்கும் இரண்டு கம்பி முனைகள் இந்த விளக்கை ஏற்றுகின்றன. பழைய வண்டியில் மிதவை ஒட்டிக் கொள்ளும், முனைகளில் உப்புப் படியும், ஒயர் இணைப்பு தளர்ந்து போகும். மெக்கானிக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் மினுக்கினால் நீர் 'மின்' கோட்டருகே நின்று தளும்புகிறது என்று அர்த்தம்.

நீர் நிஜமாகவே குறைந்திருந்தால்? இது அடைத்த பாத்திரம். இட்லிக் கொப்பரைத் தண்ணீர் போல் தானாகச் சுண்டிப் போகாது. எங்கேயோ ஒழுகுகிறது. ராத்திரி வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமில்லாத சொட்டு இருந்தால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், கவலையில்லை. பச்சையோ சிவப்போ நிறமாக இருந்தால் கூலன்ட். ஹோஸ் கிளிப் பக்கம் வெள்ளைப் பூச்சு, வாட்டர் பம்ப் அடியில் கசிவு, வண்டிக்குள்ளே கால் மிதியில் ஈரமும் இனிப்பு வாடையும் – இவையெல்லாம் துப்பு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் நீர் போகும். மூடி விலை சொற்பம். ஆனால், எஞ்சின் ஆயில் பால் காப்பி மாதிரி வெளுத்திருந்தாலோ, எஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை ஓயாமல் வந்தாலோ ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஊற்றுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம். வெந்நீர்ப் பானை அடியில் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். டிஸ்டில்ட் வாட்டரும் வண்டிப் புத்தகம் சொல்லும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றலாம். நடுவழியில் வேறு கதியில்லை என்றால் குடிதண்ணீர் ஊற்றி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், ஜாக்கிரதை.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. குடும்பக் காருக்குத் தங்கச்சி! இந்த ரகத்துக்கு மூக்கு தாழ்வு, காற்று நுழையும் வாய் சிறிசு. ஓடும்போது சமாளிக்கும், ஊர்ந்தால் சூடேறும். ஆடித்தபசு சமயத்தில் கோமதியம்மன் சந்நிதிப் பக்கம் கூட்டத்தில் நகர்கிற வண்டிக்கு எதிர்க்காற்றே கிடையாது, விசிறி ஒன்றுதான் துணை. அது சுற்றுகிறதா என்று முன்னாலேயே பார்த்து வைப்பது நல்லது.

இனி, தாய்மார்கள் கட்டாயம் மனசில் வைக்க வேண்டிய இரண்டு விஷயம்.

ஒன்று, கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலின் கிளைக்கால். நிறம் சர்பத் மாதிரி, ருசி இனிப்பு. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். மிச்சத்தைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வந்த டப்பாவிலேயே, கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். சிந்தினால் உடனே கழுவி விடுங்கள். நாயும் பூனையும் நக்கும். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டாலும், "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள். பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வாந்தியெடுக்க வைக்காமல், டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு, ஆவி பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, மை, நெய், மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். முகத்தில் பட்டாலும், பட்டது குழந்தை என்றாலும் தாமதமே கூடாது.

வாரம் ஒரு நாள், வாசல் தெளித்த கையோடு, குளிர்ந்த வண்டியில் கூலன்ட் பாட்டிலை ஒரு பார்வை பாருங்கள். கோடு இறங்குவதைக் கண் முதலில் பார்த்துவிட்டால், நடுச்சாலையில் விளக்கு எரிந்து நீங்கள் திகைக்க வேண்டியிருக்காது.