போதகர்களுக்குள் ஐக்கியம்: எங்கள் நிலைப்பாடு

நம் ஊர்களில் போதகர் ஐக்கியங்களுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கொரு கன்வென்ஷன் நடக்கிறது, ஐக்கிய கிறிஸ்துமஸ் விழாவில் எல்லாருக்கும் சால்வை போர்த்துகிறார்கள். ஆனால் மகன் குடிக்கத் தொடங்கிவிட்டான் என்றோ, ஜெபிக்கவே மனம் வரவில்லை என்றோ ஒரு போதகர் இன்னொருவரிடம் சொல்வதற்கு இடம் இருக்கிறதா? அந்த இடத்தை உண்டாக்குவதே ஐக்கியத்தின் முதல் வேலை என்கிறோம். விழாக்கள் பிறகு.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆயருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். ஆயர் கூட்டத்தில் பேச்செல்லாம் சுற்றறிக்கையும் அசெஸ்மென்ட் பாக்கியும்தான். மனம் திறந்து பேசினால் அடுத்த மாற்றலில் அது எதிரொலிக்குமோ என்ற பயம் வேறு. சுயாதீன சபைப் போதகருக்கு மாற்றல் இல்லை. அவரைக் கேள்வி கேட்கவும், தட்டிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இரண்டு தனிமைகளும் ஊழியத்தைக் கெடுக்கின்றன.

ஊழியர்களுக்குள் நட்பு வேண்டும் என்ற ஏக்கம் புதிதல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வி. எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளிடம் நட்பைக் கேட்டார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் வெவ்வேறு சபைகளின் தலைவர்களுமாக 33 பேர் கூடிச் சபைகள் ஒன்றிணைவதைப் பற்றிப் பேசினார்கள். அங்கே தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அதைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை. அப்படிப் பிறந்த திருச்சபையின் திருமண்டலத் தேர்தல்கள் இன்று அணி பிரிந்து நீதிமன்றம் வரை போவது எங்களுக்கு ஆழ்ந்த வேதனை.

ஆகவே எங்கள் ஐக்கியக் கூடுகைகளில் தேர்தல் பேச்சுக்கு இடமில்லை. வேட்பாளராக நிற்பவரும் வரலாம், ஆதரவு திரட்டக் கூடாது. ஐந்தாறு பேராக மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மேடை, தலைவர், போட்டோ எதுவும் வேண்டாம். அங்கே பேசியது பிரசங்க உதாரணமாகக்கூட வெளியே வரக் கூடாது. இதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு. ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ இழைக்கப்பட்ட கொடுமை தெரியவந்தால் இரகசியம் காப்பது பாவம். குழந்தை மீதான பாலியல் குற்றமானால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். குற்றம் செய்தவர் நம்மில் ஒருவராக இருந்தாலும் புகார் செய்வோம்.

இன்னொரு சபையின் விசுவாசி நம்மிடம் வந்தால், அவருடைய போதகரிடம் பேசாமல் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. ஆடு திருடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஊர்தோறும் இருக்கிறது, பல இடங்களில் அது உண்மையும்கூட.

சாதியைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேச விரும்பவில்லை. சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறையிலும் பிரிவு இருக்கிறது. ஒரு தலித் போதகரின் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிறவர் எந்த மேடையில் கைகோத்து நின்றாலும் அதை நாங்கள் ஐக்கியம் என்று ஏற்க மாட்டோம். கூடுகை எல்லார் வீட்டிலும் முறை வைத்து நடக்கும், சாப்பாட்டோடு. போதகரின் மனைவியும் பிள்ளைகளும் அதே பந்தியில் உட்காருவார்கள். சபை அவர்களிடம் வேலை வாங்குகிறதே தவிர, நலம் விசாரிப்பது அரிது.

அன்பான போதகர்களே, உங்கள் தெருவிலேயே ஊழியம் செய்யும் வேறு சபைப் போதகரின் வீட்டுக்கு இந்த மாதமே குடும்பமாகப் போய் வாருங்கள். அடுத்த முறை அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.