தூங்கும்போது எரியும் விளக்கு

கடந்த நோன்பில் ஒருநாள், ஸஹருக்கு எழுப்ப வந்த உம்மாவுக்கு எங்கள் அறையில் பிளாஸ்டிக் கருகும் மணம் அடித்தது. சார்ஜில் கிடந்த விளக்கு தம்பியின் போர்வைக்குள் சுருண்டிருந்தது. அதன் அடிப்பகுதி உப்பி, போர்வையில் கையகலத்துக்குக் கருகிப் போயிருந்தது. உம்மா பிளக்கைக் கழற்றிவிட்டு, விளக்கை விளக்குமாற்றால் முற்றத்துக்குத் தள்ளினார். அவர் இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்த விளக்கைச் சார்ஜில் போட்டு மெத்தையில் வைத்தவள் நான்தான்.

இப்படிப்பட்ட விளக்குகள் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு சார்ஜ் விளக்கும் பவர் பேங்க்கும் வேண்டாம் என்று யார் சொல்வது? நானும் சொல்லவில்லை.

உம்மம்மா 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து தோணியில் கற்பிட்டிக்கு வந்தவர். ஓலைக் கொட்டிலில் குப்பி விளக்குடன் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். பிள்ளை எவ்வளவு அழுதாலும் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத்தான் படுப்பாராம். மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றிய செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை என்றும், தூங்கும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். எலி திரியை இழுத்துப் போய் வீட்டை எரித்துவிடும் என்றும் ஹதீஸில் வருகிறது. சரிந்த குப்பி விளக்குகளால் எரிகாயப்பட்டோருக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட கனமான கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அந்தக் காலத்தில் விளக்குக்குப் பயப்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நமக்கு அந்தப் பயம் போய்விட்டது, சுடர் கண்ணுக்குத் தெரியாததால். போன், பவர் பேங்க், புதிய சார்ஜ் விளக்குகள் பெரும்பாலானவற்றில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. உள்ளே எரியக்கூடிய திரவமும், இரு மின்வாய்களையும் பிரிக்கும் மெல்லிய சவ்வும் உண்டு. நசுங்கியோ சூடேறியோ அந்தச் சவ்வு பழுதானால் பற்றரி தன்னைத்தானே மேலும் மேலும் சூடாக்கிக்கொள்ளும். மெத்தையும் தலையணையும் அந்தச் சூட்டை வெளியே விடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஒரு விமானம் தரையில் நின்றபடியே எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். அதன்பின் அந்நாட்டு விமானங்களில் பவர் பேங்க்கை மேல் தட்டில் வைக்க முடியாது, பயணியின் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் இதைக் கேட்டதும், "எப்ப பார்த்தாலும் போன்" என்று பிள்ளைகளைத்தான் ஏசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறையில் இருக்கும் ஒரே பிளக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் பிள்ளை எங்கே சார்ஜ் போடுவது? சீமெந்துத் தரையில், துணிமணி இல்லாத இடமொன்றை வீட்டார்தான் ஒதுக்கித் தர வேண்டும். அஸருக்கும் இஷாவுக்கும் இடையில், ஆட்கள் விழித்திருக்கும்போதே சார்ஜ் போட்டு எடுத்துவிடலாம். சந்தையில் மலிவாக வாங்கிய சார்ஜரும், உப்புக் காற்றில் துருவேறிய முனையும் வேண்டாம். உப்பிய பற்றரியை அமுக்கவோ குத்தவோ கூடாது, முற்றத்தில் குப்பையோடு சேர்த்து எரிக்கவும் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் எரிப்பதுதானே வழக்கம்!

பற்றரி தீப்பிடித்துவிட்டால் அதன் புகை நஞ்சு. முதலில் ஆட்களை வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, மெயின் சுவிட்சை நிறுத்த எட்டுமானால் நிறுத்தி, 110க்கு அழைக்க வேண்டும். கடற்கரை ஆட்களான நமக்கு மணல்தான் கைக்கு வரும். ஆனால் மணல் சுடரை மூடுமே தவிர பற்றரியின் சூட்டைத் தணிக்காது. எரிகாயத்துக்கு சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம் 1990. எங்கள் வீட்டில் அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவை இருக்கவில்லை.

இப்போது இரவு பத்து மணிக்கு உம்மம்மா கைத்தடியோடு அறை அறையாகப் போய் வயர்களைக் கழற்றுகிறார். போன வாரம் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். மீன் கெட்டுப்போனதற்கு உம்மா ஏசவில்லை.