கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா?

மாதவிடாய் வலிக்கு நம் ஊரில் மூன்று மருந்துச் சீட்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பதினெட்டு வயதில் போனால், "கல்யாணம் ஆனா சரியாயிடும்." இருபத்தைந்தில் போனால், "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்." நாற்பதில் போனால், "அதான் ரெண்டு பிள்ளை இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." முதல் சீட்டைப் பாட்டியும் எழுதுவார், சில நேரம் மருத்துவரும் எழுதுவார். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கும். அத்தனை காலமும் அந்தப் பெண்ணுக்கு இருந்த நோயின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாட்டி சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் சிக்கல். மாதவிடாயின்போது கர்ப்பப்பையின் உட்படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கர்ப்பப்பைத் தசையை இறுக்கிச் சுருங்கவைப்பது அதுதான். அளவு மீறினால் வலி பிடுங்கும். வயதுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் தொடங்கும் இந்த வகை வலிக்குப் பின்னால் வேறு நோய் இருக்காது. வயது ஏற ஏற, பலருக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு, தணிந்தும் போகும். ஊரில் பலருக்கு அப்படித் தணிந்ததைப் பார்த்தவர், தணியாதவளுக்கும் அதையே சொல்கிறார். இந்த விஷயத்தில் படித்தவர்கள் பாட்டிக்குச் சளைத்தவர்கள் அல்ல. 1940-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பெண்நோய் மருத்துவர் ஜோ மெய்க்ஸ், எண்டோமெட்ரியோசிஸ் வராமல் இருக்கச் சீக்கிரம் திருமணம் செய்து பிள்ளைகள் பெறுவதே வழி என்று மருத்துவ இதழ்களில் எழுதியவர். அந்தக் கருத்தை மருத்துவப் புத்தகங்கள் கைவிட்டுவிட்டன. புறநோயாளிப் பிரிவு இன்னும் விடவில்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால், கர்ப்பப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே பல இடங்களில் ஒட்டி வளர்வது. மாதந்தோறும் அங்கேயும் அழற்சியும் கசிவும் ஏற்படும். நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. தாமதம் நமக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்க வேண்டாம். இலவச மருத்துவம் உள்ள பிரிட்டனிலேயே, முதல் முறை மருத்துவரிடம் போனதிலிருந்து நோய் கண்டறியப்பட 8 ஆண்டு 10 மாதம் ஆகிறது என்று அங்குள்ள நோயாளிகள் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் ஊரில் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே தாமதமாகத்தான். கல்யாணமாகாத பெண்ணைப் பெண்நோய் மருத்துவரிடம் அழைத்துப்போவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கவலையிலேயே சில வருடங்கள் கழிந்துவிடும்.

ஒரு வழியாக அழைத்துப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பது முதல் கேள்வி. இல்லை என்றதும் பரிசோதனையின் வகையே மாறிவிடுகிறது. அந்தப் பெண் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். வயிற்றின் மேல் ஜெல்லைத் தடவிப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை அளவு இயல்பு, சினைப்பைகள் இயல்பு என்று தாள் வரும். எண்டோமெட்ரியோசிஸின் மெல்லிய படலங்கள் இந்த ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பு வழி ஸ்கேன் கூடுதலாகக் காட்டும், ஆனால் அதைத் திருமணமாகாதவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. தேவைப்பட்டால் எம்ஆர்ஐ இருக்கிறது. அதைப் பரிந்துரைப்போர் குறைவு. ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது, வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரை காத்திருக்காமல் அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. இங்கே அந்தத் தாளோடு வீடு திரும்பும் பெண்ணுக்குக் கிடைப்பது வேறு தீர்ப்பு: "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. நீதான் பெருசு பண்ற." வலி அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் தகுதி மட்டும் அன்றோடு பறிபோயிருக்கும்.

வலியாவது வாய்விட்டுச் சொல்லக்கூடியது. ரத்தப்போக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய கணக்கு. அதை யார் அளப்பது? அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் எந்த ரத்தப்போக்கும் அதிகம்தான் என்று இப்போது வரையறுக்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, இரண்டை அடுக்கி வைப்பது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள், நடு இரவில் எழுந்து மாற்றுவது, ஏழு நாளைத் தாண்டுவது எல்லாம் அடையாளங்கள். ஆனால் அம்மாவுக்கும் அப்படித்தான், அத்தைக்கும் அப்படித்தான் என்றால், அந்தப் பெண் எதை வைத்து இது அதிகம் என்று கண்டுபிடிப்பாள்? கருநீலச் சீருடைப் பாவாடையும் கடைசி பெஞ்சும் எத்தனையோ பேரைக் காப்பாற்றி, கூடவே அவர்கள் நோயையும் மறைத்திருக்கின்றன.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். நாப்கின் பேச்சை வீதிக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோவை அருணாசலம் முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரத்தை உலகமே பார்த்தது. 2012-ல் தொடங்கிய புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் இலவசமாகத் தருகிறது. பாக்கெட்டுக்கு ஆறு என்றால், ஒரு மாதவிடாய்க்கு ஒன்பது. நல்ல திட்டம், குறைசொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாளே ஒன்பதும் தீர்ந்துபோகிற பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அதில் இல்லை. சுத்தத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நோயைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவேயில்லை.

அதிக ரத்தப்போக்குக்குக் காரணங்கள் நிறைய. பன்னாட்டுப் பெண்நோய் மருத்துவர் கூட்டமைப்பு 2011-ல் அவற்றை ஒன்பது வகையாகப் பிரித்தது. ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே படலம் வளரும் அடினோமயோசிஸ், சினைமுட்டை ஒழுங்காக வெளிவராதது என்பவை ஓரளவு காதில் விழுந்தவை. கேள்விப்படாதது, ரத்தம் உறைவதிலேயே இருக்கும் குறை. பின்லாந்தைச் சேர்ந்த ஆலன் தீவுகளில் யோர்டிஸ் என்றொரு சிறுமி இருந்தாள். அவளுடைய சகோதரிகள் சிலர் சிறுவயதிலேயே ரத்தம் நிற்காமல் இறந்திருந்தார்கள். எரிக் ஃபான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1926-ல் எழுதியதால் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. யோர்டிஸ் 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இறந்துபோனாள். ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அதிக ரத்தப்போக்கோடு வரும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானோருக்கு இந்தக் குறை இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நின்றதா, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, தொட்டாலே கன்றிப்போகுமா என்று மூன்று கேள்வி கேட்டால் சந்தேகம் வந்துவிடும். உறுதிப்படுத்தும் சோதனைதான் எல்லா ஊரிலும் கிடைக்காது, வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை உள்ளவர்கள். ஒவ்வொரு முறை இந்த எண் வெளியாகும்போதும் முருங்கைக்கீரை, பேரீச்சை, வெல்லம் என்று ஒரு பட்டியல் கூடவே வெளியாகிறது. உணவுப் போதாமை உண்மையான காரணம்தான். ஆனாலும் தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதை என்னவென்பது? ஹீமோகுளோபின் இன்னும் சரியாக இருக்கும்போதே இரும்பு இருப்பு காலியாகிவிடலாம். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எந்நேரமும் அசதி என்று வருகிறவளுக்கு, "சரியா சாப்பிடறதில்லை" என்ற பட்டம்தான் முதலில் கிடைக்கிறது.

இடைப்பட்ட காலத்தை ஓட்டித் தருவது மெடிக்கல் ஷாப். செய்தித்தாளில் சுற்றிய நாப்கினோடு கூடவே ஒரு மெஃப்டால் வலிமாத்திரை அட்டை. வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலருக்கு நன்றாகவே கேட்கும். கேட்காவிட்டால் அதுவே ஒரு தடயம். அதிலுள்ள மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்தது. பயப்பட வேண்டியதில்லை, மருத்துவர் சொல்லாமல் வருடக்கணக்கில் விழுங்க வேண்டியதுமில்லை. இதைவிட மோசமானதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலைபார்க்கும் நூறு பெண்களிடம் பேசியபோது, வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர்கள் பெயரில்லாத மாத்திரையைக் கொடுத்து மிஷினுக்கே திருப்பி அனுப்பியது தெரிந்தது. உற்பத்தி நிற்காமல் ஓடியது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று விழுங்கியவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது சீட்டுக்கு வருவோம். நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது எட்டைத் தாண்டுகிறது. காரணம் கேட்டால், பாதிக்கும் மேற்பட்டோர் சொல்வது அதிக ரத்தப்போக்கும் வலியும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் அரசுக் குழுவின் விசாரணையிலேயே தெரியவந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் நின்றால் அபராதமும் நிற்கும். தேவையற்ற இந்த அறுவைசிகிச்சைகளைத் தடுக்கும் வழிகாட்டுதலை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சிலருக்கு அறுவைசிகிச்சை தேவைதான், அவர்கள் நிம்மதியடைந்ததும் உண்மை. ஆனால் கர்ப்பப்பையை எடுத்த பிறகும் வெளியே ஒட்டியிருக்கும் எண்டோமெட்ரியோசிஸ் அங்கேயே இருக்கலாம். கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதிலேயே எலும்பும் இதயமும் முதுமைக்குப் போகத் தொடங்கும்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியவை மருந்துக்கடையிலேயே இருக்கின்றன என்பதுதான் எரிச்சலூட்டுவது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோ தன் கணவரோடு சேர்ந்து 1962-லேயே கண்டறிந்துவிட்டார். ஹார்மோன் வெளியிடும் கர்ப்பப்பைச் சாதனம் பல ஆண்டுகளுக்கு ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும். எண்டோமெட்ரியோசிஸுக்கு டையனோஜெஸ்ட் மாத்திரை உண்டு. கருத்தடை மாத்திரைகளும் நல்ல மருந்துதான். அங்கேதான் வீட்டில் கதவு சாத்தப்படுகிறது. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா? வெளியே தெரிஞ்சா?" வலி நிற்கப் போடும் மாத்திரைக்கு ஒழுக்கச் சான்றிதழ் கேட்கிற குடும்பத்திடம், அதன் வேலை என்ன என்று நிதானமாக விளக்க மருத்துவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். நெரிசல் மிகுந்த ஓபியில் அந்த ஐந்து நிமிடம் கிடையாது.

ஆகவே நோயாளியே தயாராகப் போவது உதவும். இரண்டு மூன்று மாதம் ஒரு டைரியில், எந்த நாள் தொடங்கியது, எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது, கட்டி வந்ததா, எந்த நாள் வகுப்புக்கோ வேலைக்கோ போகவில்லை, மலம் கழிக்கும்போது வலித்ததா என்று எழுதினால் போதும். 1990-லிருந்து மருத்துவர்கள் பயன்படுத்தும் படஅட்டை இதையேதான் மதிப்பெண்ணாக மாற்றுகிறது. நூறைத் தாண்டினால் அதிக ரத்தப்போக்கு. "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதைவிட அந்தத் தாள் வேகமாகப் பேசும். மருத்துவரிடம் மகள் தனியாகவும் கொஞ்ச நேரம் பேச அம்மா வெளியே காத்திருக்கலாம்.

மாதவிடாய் விடுப்பு வேண்டுமா என்ற விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. கர்நாடகம் 2025-ல் மாதம் ஒரு நாள் என்று ஒப்புதல் அளித்திருக்கிறது. எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் விடுப்பு நோயைக் கண்டுபிடிக்காது, வலியோடு வீட்டில் படுக்க இடம் கொடுக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதே வாசலில் நிற்கும் சிஸ்டர், வீட்டிலிருக்கும் பெண்ணிடம் எத்தனை நாப்கின், எத்தனை நாள், பள்ளிக்குப் போக முடிகிறதா என்று கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளியில் கேள்விகூட வேண்டாம். மாதம் தவறாமல் இரண்டு நாள் வராத மாணவி யார் என்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வகுப்பு ஆசிரியைக்கும் தெரியும். அவரிடமிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அங்கிருந்து ஃபெரிட்டினும் முதற்கட்ட ரத்த உறைவுச் சோதனையும் செய்யத் தெரிந்த மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் போக வேண்டும். அதை எழுதும் பொறுப்பு யாருடையது என்று சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் அரசாணையில் சொல்லிவிட்டால், புதுயுகம் பாக்கெட் கொடுக்கும் அதே நாளில் வேலையைத் தொடங்கிவிடலாம்.