அபராதம் மட்டும் போதுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. வேலூர், ஆம்பூர் பகுதிகளில் ஷிப்ட் முடிந்து இருட்டில் சாலையோரம் நடந்து வீடு திரும்பும் தோல் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். போதையில் வரும் வண்டிக்கு முதலில் அகப்படுவதும் அவர்களே. ஆகவே சோதனை வேண்டும், வழக்கும் வேண்டும். அது பலன் தருகிறதா, எல்லோருக்கும் சமமாக நடக்கிறதா என்பதே நம் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 2,000 ரூபாய் வரை இருந்த அபராதத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 10,000 ரூபாயாக்கியது. 6 மாதம் வரை சிறையும் உண்டு. ஹெல்மெட் வழக்குபோல் சாலையிலேயே பணம் கட்டி முடிக்க முடியாது. நீதிமன்றம் போயாக வேண்டும்.

காரில் வருபவருக்குப் பத்தாயிரம் கைச்செலவு. டேனரி கூலிக்கு அது பல வார உழைப்பு. வட்டிக்கு வாங்கித்தான் கட்டுவார். தொகை ஒன்றாக இருந்தாலும் தண்டனை ஒன்றல்ல. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைத்தால் இருவருமே வண்டியைத் தொட முடியாது. குறைந்தது 3 மாதம் அப்படி நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே அறிவுறுத்தியது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982-இல் எந்த வாகனத்தையும் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனை தொடங்கியது. சாலை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அபராதத் தொகையைவிட, யாராயினும் பிடிபடுவோம் என்ற பயமே வேலை செய்தது. இங்கும் பைக்கோடு காரும் லாரியும் நிறுத்தப்பட வேண்டும்.

கடையையும் பேசியாக வேண்டும். கே.பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2017-இல் நகராட்சி, மாநகராட்சி எல்லைகளுக்கு விலக்குத் தரப்பட்டது. சத்துவாச்சாரி வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஒரு கையால் விற்று மறு கையால் அபராதம் வாங்கும் அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இவ்வழக்கில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு; 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. விபத்தில் அடிபட்டவர் இழப்பீடு கேட்கவும் அது உதவும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம் என்பது காவல்துறையின் கணக்கு. வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பினாரா என்பதே நம் கணக்கு.